சாரணர் செய்திமடலும் கடலோரச் சமூகமும்: வல்வெட்டித்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

1. ஆய்வுப் பொருள்

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நூல்களைக் கணக்கிலெடுப்பர். அடுத்துச் சஞ்சிகைகளை எடுப்பர். இவற்றுக்கும் கீழே, பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இளைஞர் கழகங்களிலும் கையெழுத்தாகவும் றோனியோப் பிரதியாகவும் வெளிவந்து, சில பத்துப் பேரின் கைகளிற் புழங்கி மறைந்த வெளியீடுகள் உள்ளன. இவற்றை இலக்கியமாகக் கொள்வாருமில்லை; ஆவணமாகப் பேணுவாரும் அரிது. ஆயினும் ஒரு சமூகத்தின் இளைஞன் தன் பெயரை அச்சிற் காண்பது பெரும்பாலும் இத்தாள்களிலேதான். ‘எழுத்து’ எனப்படுவது எத்தகையது, எவருக்குரியது, எதைப்பற்றியது என்னும் முதற் கருத்தை அவன் பெறுவதும் இங்கேதான். ஆதலின் இவற்றைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டவையெனத் தள்ளுதல் பொருந்தாது என்பது எமது கருத்து.

இக்கட்டுரை இத்தகைய வெளியீடுகளுள் ஒன்றான சாரணர் செய்திமடலை எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியில் அமைந்த வல்வெட்டித்துறை எமது நோக்குக் களமாகும். குறிப்பிட்டதோர் இதழை முன்னிறுத்திக் குற்றங் காண்பது எமது நோக்கமன்று. ஒரு வெளியீட்டு வடிவம் எங்கிருந்து வந்தது, எவற்றைச் சுமந்துகொண்டு வந்தது, கடலோடிகளின் ஊரொன்றில் அது எதைச் சொல்லவும் எதைச் சொல்லாது விடவும் இளைஞரைப் பயிற்றுகிறது என்பனவே எமது வினாக்கள்.

2. பெயரும் பிறப்பும்

‘சாரணர்’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்கும் சாரணர் வானிற் செல்லும் ஆற்றல் படைத்த சமணத் துறவியர். மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், மரக்கலம் உடைந்து கரையொதுங்கிய சாதுவன் காணும் நாகர் ‘நக்க சாரணர்’ எனப்படுகின்றனர். அகராதிகளோ இச்சொல்லுக்கு ஒற்றர் என்னும் பொருளையும் தருகின்றன. திருக்குறள் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளதாயினும், நவீன இயக்கத்துக்குப் பெயர் தேடியோர் ‘ஒற்றர்’ என்னும் வெளிப்படையான சொல்லைத் தவிர்த்துத் துறவின் சாயல் படிந்த சொல்லைத் தெரிந்தெடுத்தனர். இத்தெரிவு தற்செயலாயினும் அதன் விளைவு கருதத்தக்கது. இராணுவ வேவுத் தொழிலிலிருந்து பிறந்த இயக்கம் தமிழில் அறப்பணி இயக்கமாகப் பெயர் பெற்றுவிட்டது.

அப்பிறப்பை மறத்தல் ஆகாது. தென்னாபிரிக்காவில் 1899 ஒக்ரோபரில் தொடங்கி 217 நாட்கள் நீடித்த மாஃபெக்கிங் முற்றுகையின்போது வெள்ளையினச் சிறுவர் சீருடையணிந்து செய்தி சுமந்தனர். அவ்வனுபவமே பேடன் பவலின் பிற்காலத் திட்டத்துக்கு உந்துதல்களுள் ஒன்றாயிற்று. அதே முற்றுகையில் ஆபிரிக்கர்களுக்கான உணவுப் பங்கீடு எவ்வாறு குறைக்கப்பட்டது என்பதைத் தொமஸ் பாக்கன்ஹாம் 1979இல் வெளியிட்ட போர் வரலாறு எடுத்துக்காட்டிற்று. செய்தி சுமந்த சிறுவன் கதையானான்; பட்டினி கிடந்தவன் கதையாகவில்லை.

எமது ஆய்வுக்கு இன்றியமையாத இன்னொரு செய்தியும் உண்டு. 1907 ஓகஸ்ற் மாதம் பிறவுன்சீத் தீவில் நடைபெற்ற சோதனைப் பாசறைக்குப் பின்னர், 1908 சனவரியிலிருந்து பேடன் பவலின் கைநூல் முழுநூலாகவன்றி இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு பகுதிகளாக, பகுதியொன்று நான்கு பென்சு விலையில் வெளியாயிற்று. வெளியிட்டவர் ஆர்தர் பியர்சன் என்னும் பத்திரிகை முதலாளி. அதே ஆண்டு ஏப்பிரலில் சிறுவருக்கான வார இதழும், 1909இல் தலைவர்களுக்கான மாத இதழும் தொடங்கப்பட்டன. கடையில் வாங்கிய தாளைப் படித்த சிறுவர்கள் தாமாகவே அணிகளாகத் திரண்டனர். எனவே இவ்வியக்கம் முதலில் அமைப்பாகத் தோன்றிப் பின்னர் இதழ் நடத்தியதன்று. இதழே அமைப்பை உண்டாக்கிற்று. பத்திரிகை ஒரு கூட்டு அமைப்பாளன் என லெனின் 1901இல் எழுதியதன் உண்மையை, முற்றிலும் எதிர்மாறான வர்க்க நோக்குடன், பியர்சனின் அச்சகம் மெய்ப்பித்தது எனலாம்.

அக்கைநூல் வகுத்த சட்டங்களின் முதல் வடிவம் சாரணன் அரசருக்கும் அதிகாரிகளுக்கும் நாட்டுக்கும் மட்டுமன்றித் தன்னை வேலைக்கமர்த்திய முதலாளிக்கும் விசுவாசமாயிருத்தல் வேண்டும் என விதித்தது. அணித்தலைவனின் கட்டளைக்கு எதிர்க்கேள்வியின்றிப் பணிதல் வேண்டும் எனவும் விதித்தது. மைக்கேல் றோசந்தால் 1986இல் எழுதிய நூல் இவ்வியக்கத்தைப் பேரரசுக்கு வேண்டிய குணங்களை வார்த்தெடுக்கும் தொழிற்சாலையாகக் கண்டதில் வியப்பில்லை.

ஆயினும் இத்துடன் நிறுத்திக்கொள்வது கொச்சை மார்க்சியமாகும். அதே சட்டத் தொகுதி, எவ்வகுப்பைச் சேர்ந்தவனாயினும் மற்றைய சாரணன் சகோதரனே என்றும் கூறிற்று. இந்தியாவில் அதிகார பூர்வமான அமைப்பு தொடக்கத்தில் இந்தியச் சிறுவருக்குக் கதவடைத்தபோது, அன்னி பெசன்ற் அம்மையார் சென்னையிலும் மதன்மோகன் மாளவியா முதலியோர் அலகாபாத்திலும் தனிச் சாரணர் சங்கங்களை அமைத்துத் தேசிய உணர்வுக்கு அவ்வடிவத்தைப் பயன்படுத்தினர். சோவியத் ஒன்றியத்தில் 1922இல் இளம் முன்னோடிகள் அமைப்பு உருவானபோது, குருப்ஸ்கயா சாரணீயத்தின் உள்ளடக்கத்தை நிராகரித்து அதன் முறைகளைக் கைக்கொள்ளுமாறு வாதித்தார். வடிவம் ஒன்று வர்க்கங்களிடையே கைமாறக் கூடியது என்பதற்கு இவை சான்றுகள். கைமாறியபின்பும் பழைய உள்ளடக்கத்தின் ஒரு பகுதி வடிவத்தினுள்ளேயே தங்கிவிடுவதுண்டு என்பதற்கு, முன்னோடிகள் அமைப்பும் காலப்போக்கில் சடங்காக இறுகியமை சான்றாகும்.

3. செய்திமடலின் உறுப்புகள்

இலங்கையில் இவ்வியக்கம் 1912இல் மாத்தளையில் ஒரு கிறித்தவக் கல்லூரியில் வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலும் அது கல்லூரிகளின் வழியாகவே பரவியது. இதனால் செய்திமடலும் கல்லூரி ஆண்டுமலரின் இளைய உடன்பிறப்பாகவே வளர்ந்தது. இவ்வகை மடல்களின் அமைப்பு பெரும்பாலும் மாறாதது. முதலில் அதிபரின் ஆசிச்செய்தி. அடுத்து ஆணையாளரின் வாழ்த்துச்செய்தி. பின்னர் புரவலரின் செய்தி, படத்துடன். அதன்பின் ஆசிரியருரை, பாசறை அறிக்கை, சின்னம் பெற்றோர் பட்டியல், முடிச்சுகள், முதலுதவி பற்றிய குறிப்பு, ஒரு புதிர், இறுதியில் நன்றியுரை.

இவ்வமைப்பைப் பக்கக் கணக்காகவன்றி உறவுகளின் ஒழுங்காக நோக்குதல் வேண்டும். மேலிருந்து கீழாக அமைந்த அதிகாரப் படிநிலை தாளின் மேலிருந்து கீழாக அப்படியே பதிவாகியுள்ளது. பாயிரம் பெறுதல் தமிழ் மரபே. ஆனால் சிறப்புப் பாயிரம் பிறரால் நூலைப் பற்றிச் சொல்லப்படுவது. ஆசிச்செய்தியோ நூலைப் பற்றிப் பேசுவதில்லை. மடலைப் படியாமலே, மடல் எழுதப்படுவதற்கு முன்னரே, எழுதத்தக்கது அது.

பாசறை அறிக்கையின் மொழி இன்னும் நுணுகி ஆராயத்தக்கது. அதில் கூடாரம் ‘அமைக்கப்பட்டது’, உணவு ‘வழங்கப்பட்டது’, தீப்பாசறை ‘இனிதே நிறைவுற்றது’. செய்தவன் எவன் என்பது வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. பெயர் சுட்டப்படுவோர் வருகை தந்தோர் மட்டுமே. விறகு பொறுக்கியவன், பானை கழுவியவன், இரவில் மழை வந்தபோது கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டியவன் ஆகியோர் செயப்பாட்டுவினையின் பின்னே மறைகின்றனர். பதினான்கு வயதுச் சிறுவன் இவ்வாக்கியத்தை எழுதப் பழகும்போது அவன் இலக்கணத்தை மட்டும் பழகுவதில்லை. உழைப்பு பெயரற்றது, தலைமை பெயருடையது என்னும் உலக நோக்கையும் பழகுகிறான்.

‘சாரணர் வேலை வாரம்’ பற்றிய குறிப்புகளிலும் இதே நிலையைக் காணலாம். வீடு வீடாகச் சென்று சிறு வேலைகள் செய்து அதற்கெனக் கிடைக்கும் பணத்தை நிதிக்குச் சேர்ப்பது இவ்வாரத்தின் வழக்கம். உழைப்பை இழிவாகக் கருதும் நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சியே. ஆனால் பாடசாலை விட்டதும் கரைவலை இழுக்கப் போகும் பிள்ளைக்கு வேலை ஒரு வாரத்துக்குரிய நற்செயலன்று, நாளாந்த நிலைமை. ஒரே அணியில் நிற்கும் இவ்விரு பிள்ளைகளையும் மடல் ஒரே வாக்கியத்தில் அடக்கும்போது, அவர்களிடையே உள்ள வேறுபாடு சமத்துவம் என்னும் பெயரால் மறைக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் ஆகியவற்றுக்கான போராட்டம் 1920களின் இறுதியில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசும் அதன் வழிவந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் இவ்விடயத்தில் முற்போக்கான நிலையெடுத்தன. சாதியினால் வகுக்கப்பட்ட அத்தகைய சமூகத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே பானையில் சமைத்து ஒரே கூடாரத்தில் உறங்குதல் சிறிய செயலன்று. சாரணர் பாசறையின் உண்மையான சமூகப் பெறுமதி இங்கேயே உள்ளது. ஆனால் செய்திமடல் இதைப்பற்றி எழுதுவதில்லை. பாசறை சாதித்ததைப் பாசறை அறிக்கை சொல்ல மறுக்கிறது. ‘உணவு வழங்கப்பட்டது’ என்னும் தொடரில் யார் சமைத்தார், யார் யாருடன் இருந்து உண்டார் என்பவை இல்லை.

4. ஊரின் அறிவும் கைநூலின் அறிவும்

வல்வெட்டித்துறை இவ்வடிவத்தை எடுத்து நோக்குவதற்குத் தகுந்த களமாவது ஏன்? கயிறு, முடிச்சு, காற்று, திசை, விண்மீன், சமிக்ஞை என்பன சாரணர் பாடத்திட்டத்தின் அடிப்படைகள். இவை வல்வெட்டித்துறையில் கைநூலுக்கு முன்னரே வாழ்ந்த அறிவுகள். தென்னிந்தியத் துறைமுகங்களுடனும் பர்மாவுடனும் பாய்க்கப்பல் வாணிகம் நடத்திய ஊர் அது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றுகளுக்குப் பெயரிட்டு, அவற்றைக்கொண்டு ஆண்டைப் பகுத்த மக்கள் வாழும் ஊர். தண்டயல் ஒருவர் கற்ற கல்விக்குச் சின்னம் வழங்கப்படவில்லை என்பதனால் அது கல்வியாகாதொழியாது.

இவ்வூரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலின் கதை பலரும் அறிந்தது. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ ஆகியிருந்தது. கட்டியவரின் கைத்திறனும் ஓட்டியவரின் அறிவும் மாறவில்லை. பெயர் மட்டும் உரிமையாளரின் குடும்பத்துக்குரியதாயிற்று. முடிச்சுக்கும் இதுவே நேர்ந்தது. தகப்பன் வலையிலும் பாய்க்கயிற்றிலும் இட்ட முடிச்சை, மகன் வகுப்பறையில் வேறொரு பெயரால், வரைபடத்தைப் பார்த்துக் கற்றுச் சின்னம் பெறுகிறான். செய்திமடல் அவ்வரைபடத்தை மீளப் படியெடுத்து வெளியிடுகிறது. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவரிடம் சென்று, ‘இந்த முடிச்சுக்கு உங்கள் பெயர் என்ன, ஏன் இப்படி இடுகிறீர்கள்’ என்று கேட்டெழுத அது பயிற்றுவதில்லை.

இதனைக் குடியேற்ற ஆதிக்கத்தின் விளைவாக மட்டும் விளக்குதல் போதாது. எமது புலமை மரபுக்கும் இதிற் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வல்வெட்டித்துறையில் அச்சகம் இருந்தது. ‘இயற்றமிழ்ப் போதகாசிரியர்’ எனப் போற்றப்பட்ட வல்வை ச. வைத்தியலிங்கபிள்ளை அங்கிருந்து நூல்கள் பதிப்பித்தார். ‘சைவாபிமானி’ என்னும் இதழை நடத்தினார். 1876இல் ‘சிந்தாமணி நிகண்டு’ வெளியிட்டார். சிற்றூரொன்றில் இத்தகைய பதிப்புப் பணி நிகழ்ந்தமை பெருமைக்குரியதே. எனினும் நிகண்டு மரபு செய்யுள் வழக்கைத் தொகுப்பது. வங்கம், அம்பி, திமில், பஃறி, நாவாய் எனக் கலத்துக்குப் பல பெயர்களை அம்மரபு தரும். ஆனால் கரையில் நின்று கலங்கட்டிய தச்சன் அதன் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்களைத் தொகுப்பது அதன் நோக்கமன்று. கைநூலின் மொழியும் நிகண்டின் மொழியும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து, தொழிலாளியின் மொழியை ஒருங்கே புறந்தள்ளின. செய்திமடலின் நடை இவ்விரண்டும் கூடிப் பெற்ற பிள்ளை.

இலங்கைத் தமிழ்ப் புனைகதை இந்நிலையை உடைத்தது. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகியன பற்றி எழுந்த விவாதங்களும் உழைப்போரின் பேச்சை இலக்கியத்துக்குக் கொணர்ந்தன. 1966இல் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது, அது கல்லூரி விடுதியிலிருந்தன்றிச் சிகையலங்கரிப்பு நிலையத்திலிருந்து வந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் கடற்றொழிலாளரின் வாழ்வை நாவலாக்கிற்று. ஆனால் இம்மாற்றம் பாடசாலை வெளியீடுகளின் வாயிலில் நின்றுவிட்டது. மாணவன் படிக்கும் நாவலில் வள்ளமும் வலையும் உண்டு. அவன் எழுதும் மடலில் அவை இல்லை. படிப்பவனாக அவன் 1970களில் வாழ்ந்தான். எழுதுபவனாக 1908இல் வாழ்ந்தான்.

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்று பலரும் அறிவர். முச்சை எங்கே கட்டுவது, விண் எப்படிப் பூட்டுவது, வால் எவ்வளவு நீளமாயிருத்தல் வேண்டும் என்பவற்றில் அவ்வூர்ச் சிறுவரின் அறிவு கைநூல் ஆசிரியரின் அறிவை விஞ்சும். ஒரு மடலில் இவ்வறிவைச் சிறுவனே தன் சொற்களில் எழுதினால், அது வழக்கமான அறிக்கையாக இராது; தொழில்நுட்ப உரைநடையாக அமையும். தமிழில் அவ்வுரைநடை இன்னும் வறியது என்பதை எவரும் மறுக்கார்.

5. யார் உற்பத்தி செய்கின்றனர்?

செய்திமடலை ஆக்கும் முறையும் கருதத்தக்கது. றோனியோக் காலத்தில் மெழுகுத்தாளில் தட்டச்சிடுவது ஒருவர் வேலை. பிழையைச் சிவப்புத் திரவம் பூசி, உலரவிட்டு, மேலே மீண்டும் தட்டுதல் வேண்டும். வட்ட எழுத்துகளின் உட்பகுதி பிய்ந்தால் மை பொட்டாக ஊறும். ஆதலால் எழுதியவன் எண்ணிய நீளமன்றி, மெழுகுத்தாளின் நீளமே கட்டுரையின் நீளமாயிற்று. சுழலியைச் சுற்றுவதும், ஈரத்தாள் ஒட்டாமல் பிரிப்பதும், பக்கம் அடுக்கி ஊசியிடுவதும் இளையோர் வேலை. ஆசிரியருரை எழுதுவது மூத்தோர் வேலை. மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையிலான பிரிவினை எட்டுப் பக்க மடலொன்றினுள்ளும் நிகழ்கிறது. இன்று கணினியும் கைத்தொலைபேசியும் அம்மையையும் சுழலியையும் நீக்கிவிட்டன. பிரிவினை நீங்கியதாகத் தெரியவில்லை. மாறாக, ஒளிப்படங்கள் பெருகி உரைநடை சுருங்க, விருந்தினரின் முகங்கள் முன்னிலும் பெரிதாகத் தோன்றுகின்றன.

இதற்கு மாறான வழி இல்லையா? உண்டு என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு இடதுசாரி ஆசிரியர் செலஸ்தென் பிரெனேயின் அனுபவம் சான்று. 1920களின் நடுப்பகுதியில் அவர் தம் கிராமப் பள்ளி வகுப்பறைக்குள் சிறிய அச்சுப்பொறி ஒன்றைக் கொணர்ந்தார். பிள்ளைகள் தாம் கண்டவற்றைத் தாமே எழுதி, எழுத்துக்கோத்து, அச்சிட்டு, பிரித்தானிக் கடலோரத்தில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினர்; அங்கிருந்து மறுமடல் பெற்றனர். மலைப்புறத்துப் பிள்ளைகள் கடலோரத்துப் பிள்ளைகளின் வாழ்வைக் கைநூலிலிருந்தன்றி அப்பிள்ளைகளிடமிருந்தே அறிந்தனர். எழுதுபவன், கோப்பவன், அச்சிடுபவன், படிப்பவன் என்னும் பிரிவினை அங்கு தளர்ந்தது. மேலும், வாசகன் ஒருவன் உண்மையாகவே எங்கோ காத்திருக்கிறான் என்னும் உணர்வு நடையை மாற்றிற்று. ஆணையாளருக்காக எழுதப்படும் வாக்கியமும், கடலைக் காணாத ஒத்த வயதுப் பிள்ளைக்காக எழுதப்படும் வாக்கியமும் ஒன்றாக இருத்தல் இயலாது.

வல்வெட்டித்துறைச் சாரணர் மடலொன்று மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் மடலுடன் இவ்வாறு பரிமாறப்படுமாயின், கடலோரப் பிள்ளை கொழுந்தெடுப்பது பற்றியும் தோட்டத்துப் பிள்ளை கரைவலை பற்றியும் நேர்ச் சாட்சியாக அறிவர். ஒரே மொழியைப் பேசும், ஒருவரையொருவர் அறியாத இரு உழைக்கும் சமூகங்களின் பிள்ளைகளை இணைப்பதற்கு இதைவிட மலிவான கருவி எமக்குத் தென்படவில்லை.

6. கீழ்ப்படிவும் கேள்வியும்

இறுதியாக, இப்பொருள் ஏன் அற்பமானதன்று என்பதைக் கூறுதல் வேண்டும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து வல்வெட்டித்துறை போரின் நேரடித் தாக்கத்துக்கு உள்ளானது. கடற்றொழில் தடைகளால் முடங்கிற்று. 1989 ஓகஸ்ற் 2ஆம் திகதி இந்திய அமைதிப்படையினரால் அவ்வூரிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். 2009 வரை நீடித்த அப்போரில் பல தரப்புகளும் இளைஞருக்குச் சீருடை அணிவித்தன. பதினெட்டு வயது நிரம்பாதோரும் ஆயுதமேந்த வைக்கப்பட்டமை பன்னாட்டு அமைப்புகளால் ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. இதற்குச் சாரணர் இயக்கத்தைப் பொறுப்பாக்குவது அறியாமையாகும். ஆனால் எதிர்க்கேள்வியின்றிப் பணிதலை இளமையின் தலையாய குணமாகப் போற்றும் எவ்வுரைநடையையும், அவ்வரலாற்றின் பின்னர் நாம் குற்றமற்றதாகப் படித்தல் இயலாது. சீருடையணிந்த சிறுவன் எங்கே, எதைக் கேட்கக் கற்றான் என்பது இன்று இலக்கிய வினா மட்டுமன்று.

ஆதலால் எமது பரிந்துரை செய்திமடலை நிறுத்துவதன்று. அதனை எழுதுவோர் கைக்கு மாற்றுவதாகும். ஆசிச்செய்திகளை ஒரு பக்கத்துக்குள் அடக்கலாம். ஒவ்வோர் இதழிலும் ஊரின் தொழில் அறிவொன்றை அதைச் செய்பவரிடம் கேட்டு, அவருடைய சொற்களுடனும் அவர் இசைந்தால் அவர் பெயருடனும் பதியலாம். பாசறை அறிக்கையில் செய்வினையை மீட்டுச் சமைத்தவன் பெயரையும் கழுவியவன் பெயரையும் எழுதலாம். எல்லாவற்றிலும் மேலாக, அணிக்குள் எழுந்த கருத்து வேறுபாடொன்றையேனும் மறைக்காது வெளியிடலாம். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை; அனுமதி வேண்டியிருக்கும். அவ்வனுமதி எவரிடமிருந்து, எத்தனை இழுபறிக்குப் பின்னர் கிடைக்கிறது என்பதே அவ்வூரிலும் அக்கல்லூரியிலும் நிலவும் அதிகார உறவின் அளவுகோலாக அமையும்.

மணிமேகலையின் சாதுவன் கரையொதுங்கியபோது அவனைக் காத்தது கட்டளைக்குப் பணிந்த குணமன்று. எதிரே நின்ற நாகரின் மொழியை அவன் கற்றிருந்தான்; அவர்களுடன் பேசினான்; அவர்கள் தலைவனுடன் வாதிட்டான். சாரணர் என்னும் பெயருக்குப் பழந்தமிழ்ப் பொருள் தேடுவோர் அப்பெயர் வரும் இக்காட்சியையும் கருத்திற் கொள்வது நன்று. மொழியைக் கற்று, கேட்டு, வாதிடத் தெரிந்த இளைஞரை உருவாக்கும் மடல், எட்டுப் பக்க றோனியோப் பிரதியாயினும், இலக்கிய வரலாற்றில் இடம்பெறத்தக்கது.